ஓவிய மண்டபத்து மெய்யியல்

நுழையும்முன்

பொருள் இழத்தல், நோய் வருதல், அன்புக்குரியவரைப் பிரிதல் ஆகியவை எந்த நாட்டு மனிதரையும் விட்டுவைப்பதில்லை. இத்தகைய நேரங்களில் நிலைகுலையாமல் வாழ்வது எவ்வாறு என்னும் வினாவுக்கு ஒவ்வொரு நாகரிகமும் விடை தேடியிருக்கிறது. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னர் ஏதென்ஸ் நகரத்தின் மக்கள் கூடும் சதுக்கத்தை ஒட்டிய மண்டபம் ஒன்றில் அவ்விடையைத் தேடும் சிந்தனைப்பள்ளி தோன்றியது. வணிகர், குத்துச்சண்டை வீரர், அடிமை, பேரரசர் எனப் பலநிலை மாந்தரும் அதன் வழிவந்தோராக விளங்கினர். அவர்களுடைய சிந்தனையையும் அது பிற்கால உலகில் ஏற்படுத்திய தாக்கத்தையும் விளக்குகிறது இப்பாடம்.

கப்பல் உடைந்தது, வழி பிறந்தது

சைப்ரஸ் தீவிலுள்ள கிட்டியம் என்னும் ஊரில் கி.மு. 334ஆம் ஆண்டளவில் பிறந்தவர் ஜீனோ. அவர் ஒரு வணிகர். ஊதாச் சாயச் சரக்குடன் அவர் சென்ற கப்பல் ஏதென்ஸின் துறைமுகத்தை நெருங்கும் வேளையில் உடைந்துபோனது. பொருளை இழந்து நகருக்குள் வந்த ஜீனோ, நூல் விற்கும் கடை ஒன்றில் அமர்ந்தார். அங்கே ஒருவர் சாக்ரடீஸைப் பற்றிச் செனோபன் எழுதிய நூலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அதில் உள்ளம் பறிகொடுத்த ஜீனோ, “இத்தகைய மனிதரை எங்கே காணலாம்?” என்று கடைக்காரரிடம் வினவினார். அந்நேரம் கடைவழியே சென்றவர் கிரேட்டஸ் என்னும் அறிஞர். அவரைச் சுட்டிக்காட்டி, அவரைப் பின்தொடருமாறு கடைக்காரர் கூறினார். அன்று முதல் ஜீனோ கிரேட்டஸின் மாணவரானார். மெய்யியலாளர்களின் வரலாறுகளைத் தொகுத்த டையோஜெனிஸ் லயேர்ஷியஸ் இந்நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார்.

கிரேட்டஸ் தம் செல்வத்தையெல்லாம் துறந்தவர். ஊரார் பழிக்கும் நாணமின்றி எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். ஜீனோவோ கூச்சம் மிக்கவர். அக்கூச்சத்தைப் போக்க விரும்பிய கிரேட்டஸ், பருப்புக்கஞ்சி நிறைந்த பானையைச் சுமந்துகொண்டு நகர வீதி வழியே வருமாறு பணித்தார். ஜீனோ அப்பானையை மறைத்துக்கொள்ள முயன்றபோது கிரேட்டஸ் தம் கைத்தடியால் பானையை உடைத்தார். கஞ்சி கால்வழியே ஒழுக, ஜீனோ நாணி ஓடினார். இதனால் உனக்கு என்ன கேடு நேர்ந்தது என்னும் பொருள்படக் கிரேட்டஸ் அவரைக் கேட்டாராம். பிறர் பார்வைக்கு அஞ்சும் அச்சம் வெளியிலிருந்து வருவதில்லை, நம் மதிப்பீட்டிலிருந்தே எழுகிறது என்பதே அப்பாடம். பின்னாளில் உருவான ஸ்டோயிக் மெய்யியலின் வித்து இந்நிகழ்ச்சியில் இருக்கிறது.

பெயர் வந்த வகை

பல ஆசிரியர்களிடம் பயின்ற ஜீனோ, கி.மு. 300ஆம் ஆண்டையொட்டித் தாமே கற்பிக்கத் தொடங்கினார். அவருக்கெனத் தனிக் கல்விக்கூடம் இல்லை. ஏதென்ஸின் சதுக்கத்தருகே தூண் வரிசையுடன் அமைந்த பொதுமண்டபம் ஒன்று இருந்தது. மாரத்தான் போர், டிராய் நகர வீழ்ச்சி முதலிய காட்சிகள் தீட்டப்பட்டிருந்தமையால் அதனை ‘ஸ்டோவா பொய்க்கிலே’ என்று கிரேக்கர் அழைத்தனர். ‘ஓவிய மண்டபம்’ என்பது அதன் பொருள். ஜீனோ அம்மண்டபத்தில் உலவியபடியே உரையாடினார். வழிப்போக்கர் எவரும் நின்று கேட்கலாம். ‘ஸ்டோவா’ என்னும் மண்டபப் பெயரிலிருந்தே ‘ஸ்டோயிக்’ என்னும் பெயர் தோன்றியது. தொடக்கத்தில் ‘ஜீனோவினர்’ எனப்பட்டவர்கள், பின்னர் ஆசிரியர் பெயரை விடுத்து இடத்தின் பெயரால் அறியப்பட்டனர்.

ஜீனோ ஏதென்ஸுக்கு அயலார். ஆயினும் அவர் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே முரண் இல்லாமையைக் கண்ட ஏதென்ஸ் மக்கள், அவருக்குப் பொன்முடி சூட்டவும் பொதுச் செலவில் கல்லறை எழுப்பவும் தீர்மானம் இயற்றினர்.

ஜீனோவுக்குப் பின் பள்ளியின் தலைமையை ஏற்றவர் கிளியாந்திஸ். குத்துச்சண்டை வீரராக இருந்து மெய்யியலுக்கு வந்தவர் இவர். இரவெல்லாம் தோட்டங்களுக்கு நீர் இறைத்துக் கூலி பெற்றுப் பகலில் பாடம் கேட்டவர். மூன்றாம் தலைவரான கிரிசிப்பஸ் எழுநூறுக்கும் மேற்பட்ட சுவடிகளை எழுதியதாகக் கூறுவர். அவற்றுள் ஒன்றுகூட முழுமையாக இன்று கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டே அவருடைய சிந்தனையை அறிய முடிகிறது.

தோட்டமும் வேலியும்

ஸ்டோயிக்குகள் மெய்யியலை அளவையியல், இயற்பியல், அறவியல் என மூன்றாகப் பகுத்தனர். இம்மூன்றையும் ஒரு தோட்டத்திற்கு ஒப்பிட்டனர். சுற்றியுள்ள வேலி அளவையியல். மண்ணும் மரமும் இயற்பியல். அம்மரம் தரும் கனி அறவியல். வேலியில்லாத் தோட்டத்தில் காய்த்தவை காவாது போகும். மண் வளமின்றேல் கனியே இராது. எனவே அறத்தை மட்டும் தனித்துக் கற்க இயலாது என்பது அவர்தம் கருத்து.

அளவையியலில் கிரிசிப்பஸின் பங்கு பெரிது. “மழை பெய்தால் தெரு நனையும், மழை பெய்கிறது, ஆகவே தெரு நனைகிறது” என்பது போன்ற வாதங்களில், முழுக் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். அரிஸ்டாட்டில் சொற்களின் தொடர்பை ஆராய்ந்ததிலிருந்து இது வேறுபட்டது. இன்றைய கணித அளவையியலில் பயிலப்படும் கூற்று அளவையியலுக்கு இஃது ஒரு முன்னோடியாகும்.

இயற்பியலைப் பொறுத்தவரை, உலகம் முழுவதும் ஒரே உயிருடல் போன்றது என அவர்கள் கருதினர். அதன் எல்லாப் பகுதிகளிலும் ‘லோகோஸ்’ என்னும் பேரறிவு ஊடுருவி நிற்கிறது. அவ்வறிவின் ஒரு பொறியே மனிதரின் பகுத்தறிவு. உலகில் நிகழ்வன யாவும் காரண காரியச் சங்கிலியால் பிணைக்கப்பட்டவை. காரணமின்றி எதுவும் நிகழ்வதில்லை.

எல்லாம் காரணங்களால் நிகழுமாயின் நல்லவரைப் புகழ்வதும் தீயவரைப் பழிப்பதும் எவ்வாறு பொருந்தும் என்று எதிர்ப்பாளர்கள் வினவினர். கிரிசிப்பஸ் ஓர் உவமையால் விடையளித்தார். சரிவான நிலத்தில் ஓர் உருளையைத் தள்ளினால் அது உருண்டோடும். கூம்பைத் தள்ளினால் அது சுழலும். தள்ளிய கை ஒன்றே. ஆயினும் உருள்வதும் சுழல்வதும் அவ்வப்பொருளின் வடிவத்தால் அமைகின்றன. அதுபோல வெளிநிகழ்ச்சி நம்மைத் தள்ளுகிறது. நாம் எவ்வாறு நகர்கிறோம் என்பதை நம் குணம் முடிவுசெய்கிறது. ஆகவே செயலுக்கு நாமே பொறுப்பாகிறோம்.

அறமே நன்மை

இயற்கையோடு இயைந்து வாழ்வதே வாழ்வின் குறிக்கோள் என்றார் ஜீனோ. இதனைக் காட்டில் வாழ்தல் என்று கொள்ளலாகாது. மனிதரின் இயற்கை பகுத்தறிவும் பிறரோடு கூடிவாழும் இயல்பும் ஆகும். அவ்விரண்டையும் நிறைவாக வளர்த்துக்கொள்வதே இயற்கையோடு இயைதல். அந்நிறைவுக்கே அறம் என்று பெயர். அறிவு, நீதி, துணிவு, அடக்கம் என அதனை நான்காக வகுத்தனர்.

அறம் ஒன்றே நன்மை, அறத்தின் குறைபாடு ஒன்றே தீமை என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. அவ்வாறாயின் உடல்நலம், செல்வம், புகழ் ஆகியன யாவை? இவற்றை ‘நடுநிலைப் பொருள்கள்’ என்றனர். ஒரே செல்வத்தைக் கொண்டு ஒருவர் பசித்தவர்க்கு உணவளிக்கலாம்; மற்றொருவர் பிறரை ஒடுக்கலாம். எனவே செல்வம் தன்னளவில் நன்மையோ தீமையோ அன்று. அதனைப் பயன்படுத்தும் உள்ளமே அதனைச் சிறக்கவோ கெடவோ செய்கிறது. அதே வேளையில், நலமும் நோயும் ஒன்றே என அவர்கள் கூறவில்லை. நலம் விரும்பத்தக்கது, நோய் தவிர்க்கத்தக்கது என ஏற்றனர். நலத்தைப் பெறுவதற்காக அறத்தை விட்டுவிடலாகாது என்பதே அவர்கள் வகுத்த எல்லை.

எல்லை அறிதல்

நம் ஆற்றலுக்கு உட்பட்டவை எவை, உட்படாதவை எவை என்று பிரித்தறிவது ஸ்டோயிக் பயிற்சியின் முதற்படி. நம் கருத்து, விருப்பு, வெறுப்பு, முயற்சி ஆகியன முதல் வகையைச் சார்ந்தவை. உடல்நிலை, உடைமை, பிறர் நம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணம், பதவி ஆகியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இரண்டாம் வகைப் பொருள்மேல் மகிழ்ச்சி முழுவதையும் வைப்பவர் என்றும் அச்சத்துடனேயே வாழ நேரிடும்.

இக்கருத்து முயற்சியைக் கைவிடச் சொல்கிறதா? வில்லாளியை எடுத்துக்கொண்டு அவர்கள் இதனை விளக்கினர். நல்ல அம்பைத் தேர்தல், கையை நிலைநிறுத்தல், கூர்ந்து நோக்குதல், உரிய நொடியில் நாணை விடுதல் ஆகியவை வில்லாளியின் கடமை. அம்பு பறக்கத் தொடங்கியபின் காற்று வீசலாம், இலக்கே நகரலாம். அம்பு தைக்காமற் போயினும், செய்யவேண்டியவற்றைக் குறைவறச் செய்த வில்லாளி தன் கலையில் தோற்றவராகார்.

இதனை மாணவர் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். பாடத்தைப் புரிந்து படித்தல், ஐயம் கேட்டல், நேரத்தைப் பகுத்துக்கொள்ளுதல் ஆகியன மாணவர் கையில் உள்ளவை. வினாத்தாளின் கடினமும் அடுத்தவர் பெறும் மதிப்பெண்ணும் அவர் கையில் இல்லை. கையில் இல்லாதவற்றை எண்ணிக் கழிக்கும் இரவு, கையில் உள்ளவற்றுக்கான நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

வெளிறிய முகமும் கலங்காத உள்ளமும்

‘ஸ்டோயிக்’ என்றால் உணர்ச்சியற்ற கல்மனம் கொண்டவர் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. இது பிழையான புரிதல். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆலஸ் கெல்லியஸ் என்னும் உரோமானிய எழுத்தாளர் கூறும் நிகழ்ச்சி இதனைத் தெளிவுபடுத்துகிறது.

கெல்லியஸ் கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குக் கப்பலில் சென்றபோது கடும்புயல் வீசியது. அதே கப்பலில் புகழ்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். எல்லாரும் அலறினர். ஆசிரியர் அலறவில்லை; ஆயினும் அவர் முகம் வெளிறியிருந்ததைக் கெல்லியஸ் கண்டார். புயல் ஓய்ந்தபின் செல்வர் ஒருவர் ஆசிரியரை அணுகி, “நான் அஞ்சவில்லை, நீர் ஏன் அஞ்சினீர்?” என ஏளனம் செய்தார். கெல்லியஸோ உண்மையை அறியும் விருப்பத்துடன் அவ்வினாவையே பணிவாகக் கேட்டார். ஆசிரியர் தம் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைநூலை எடுத்துக் காட்டினார்.

அதில் கண்ட விளக்கம் இதுதான்: இடி முழங்கும்போது உடல் நடுங்குவதும் முகம் வெளிறுவதும் எவருக்கும் இயல்பாக நிகழ்பவை. அவை அறிவின் ஒப்புதலைக் கேட்டு வருவதில்லை. அவற்றைத் தொடர்ந்து, “இது பெருந்தீமை” என்னும் எண்ணம் தோன்றுகிறது. அறிவில்லாதவர் அவ்வெண்ணத்திற்கு உடனே ஒப்புதல் அளித்துவிடுகின்றனர். அறிவுடையவர் சற்றே நின்று, “இது உண்மைதானா?” என ஆராய்கிறார். முதல் அதிர்வுக்கும் ஒப்புதலுக்கும் இடையே உள்ள அச்சிறு இடைவெளியில்தான் மனிதரின் விடுதலை இருக்கிறது.

இதனால் அச்சம், துயரம், பேராசை, மிகுகளிப்பு ஆகிய நான்கையும் பிழையான மதிப்பீட்டால் விளையும் உளநோய்கள் என்று ஸ்டோயிக்குகள் கருதினர். அவற்றுக்கு மாறாக, தெளிந்த மகிழ்ச்சி, முன்னெச்சரிக்கை, நல்லெண்ணம் ஆகியவற்றை அறிவுடையோரின் நல்லுணர்ச்சிகள் என்று போற்றினர்.

உரோமில் வளர்ந்த சிந்தனை

கி.மு. 155ஆம் ஆண்டில் ஏதென்ஸ் உரோமுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் ஸ்டோயிக் தலைவரான பாபிலோன் டையோஜெனிஸும் ஒருவர். அதனைத் தொடர்ந்து உரோமானியரிடம் இச்சிந்தனை வேரூன்றியது. ஆட்சியிலும் போரிலும் ஈடுபட்ட உரோமானியருக்குக் கடமையையும் உறுதியையும் வலியுறுத்தும் அறவியல் ஏற்புடையதாக இருந்தது. முழு நூல்களாக இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் உரோமானியப் பேரரசுக் காலத்தவையே. அவற்றைத் தந்தோருள் மூவர் தலையாயவர்.

முதலாமவர் செனிகா. ஸ்பெயினின் கொர்துபா நகரில் பிறந்து உரோமில் நாவலராகவும் நாடக ஆசிரியராகவும் விளங்கியவர். கி.பி. 41இல் கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, எட்டாண்டுகளுக்குப் பின் திரும்ப அழைக்கப்பட்டு, சிறுவன் நீரோவுக்கு ஆசிரியரானார். நீரோ பேரரசனானபின் அவனுடைய அறிவுரையாளராக இருந்தார். சினத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு பயிற்சியைக் குறிப்பிடுகிறார். இரவில் விளக்கு அகற்றப்பட்டபின், அன்று முழுவதும் தாம் செய்தவற்றையும் சொன்னவற்றையும் தாமே விசாரணை செய்வார். எதையும் தம்மிடமிருந்து மறைக்கமாட்டார். பிழைகண்டால், மீண்டும் செய்யாதே எனத் தமக்கே கூறி மன்னித்துக்கொள்வார். லூசிலியஸ் என்னும் நண்பருக்கு அவர் எழுதிய 124 கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில், அடிமைகளும் நம்மைப் போன்ற மனிதர்களே. அவர்களுடன் அமர்ந்து உண்பதில் இழிவில்லை என வாதிடுகிறார்.

செனிகாவின் வாழ்வில் முரண்களும் உண்டு. எளிமையைப் போற்றிய அவர் பெருஞ்செல்வராக வாழ்ந்தார். அரசனின் நட்பால் சில ஆண்டுகளிலேயே 30 கோடி செஸ்டர்ஸ் நாணயம் சேர்த்தார் என அவருடைய எதிரிகள் குற்றஞ்சாட்டினர். நீரோவின் கொடுமைகளை அவரால் தடுக்க இயலவில்லை. சிலவற்றுக்குத் துணைநின்றார் என்னும் பழியும் உண்டு. கி.பி. 65இல், சதியில் பங்குகொண்டதாகக் கருதிய நீரோ அவரைத் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளுமாறு ஆணையிட்டான். தாம் நிறைவடைந்த ஞானி அல்லர், நோயாளிகளுள் ஒருவராகவே பேசுவதாகச் செனிகா தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். கொள்கைக்கும் வாழ்வுக்கும் உள்ள தொலைவை மறைக்காமல் எழுதியமையால் அவர் எழுத்துகள் படிப்போர்க்கு நெருக்கமாக உள்ளன.

இரண்டாமவர் எபிக்டெட்டஸ். இன்றைய துருக்கியிலுள்ள ஹியெராபொலிஸ் நகரில் பிறந்த அடிமை. ‘பெறப்பட்டவர்’ என்பதே அப்பெயரின் பொருள். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யாதென அறிய வழியில்லை. ஒரு கால் ஊனமுற்றவர். உரோமில் அடிமையாக இருந்தபோதே முசோனியஸ் ரூஃபஸ் என்னும் ஸ்டோயிக் ஆசிரியரிடம் பயின்றார். பெண்களும் மெய்யியல் கற்கவேண்டும், அறத்தின் ஆற்றல் இருபாலர்க்கும் பொது என்று கற்பித்தவர் அந்த முசோனியஸ். விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ், பேரரசன் டொமிஷியன் மெய்யியலாளரை வெளியேற்றியபோது கிரேக்கத்தின் நிக்கொபொலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நிறுவினார். அவர் எதையும் எழுதவில்லை. மாணவர் ஆரியன் எழுதிவைத்த உரைகளும், அவற்றிலிருந்து தொகுத்த ‘கையேடு’ என்னும் சிறுநூலும் நமக்குக் கிடைத்துள்ளன. தம் வீட்டு இரும்பு விளக்கு களவுபோனபோது, மறுநாள் மண்விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என அமைந்தவர் அவர். முதுமையில், கைவிடப்படவிருந்த நண்பரின் குழந்தையைத் தாமே எடுத்து வளர்த்தார் என்றும் கூறுவர்.

மூன்றாமவர் பேரரசர் மார்கஸ் அரேலியஸ். கி.பி. 161 முதல் 180 வரை உரோமை ஆண்டவர். எல்லைப் போர்கள், கொள்ளைநோய், படைத்தலைவனின் கலகம் என அவர் ஆட்சிக்காலம் துன்பம் நிறைந்தது. தம் பிள்ளைகளுள் பலரை இளம்பருவத்திலேயே இழந்தார். தன்யூப் ஆற்றங்கரைப் போர்முகாம்களில் தங்கியிருந்த காலத்தில், தமக்குத் தாமே கூறிக்கொண்ட அறிவுரைகளைக் கிரேக்க மொழியில் எழுதினார். வெளியிடும் எண்ணமின்றி எழுதப்பட்ட அக்குறிப்புகள் ‘தியானங்கள்’ என்னும் பெயரில் பன்னிரண்டு பகுதிகளாக இன்று வழங்குகின்றன. தமக்கு எதிராகக் கலகம் செய்த அவிடியஸ் காசியஸ் கொல்லப்பட்டு அவன் தலை கொண்டுவரப்பட்டபோது, அதனைக் காணவும் அவர் மறுத்தார்.

‘தியானங்கள்’ நூலின் முதற்பகுதியில் தம்மை உருவாக்கியோர்க்கு மார்கஸ் நன்றி கூறுகிறார். எபிக்டெட்டஸின் உரைகளைத் தமக்குத் தந்த ஆசிரியர் ரஸ்டிகஸையும் அங்கே நினைவுகூர்கிறார். அடிமையாகப் பிறந்தவரின் சொற்களைப் பேரரசர் தம் வழிகாட்டியாகக் கொண்டார்.

உலகக் குடிமை

பகுத்தறிவு எல்லா மனிதர்க்கும் பொது. ஆகவே மனிதர் யாவரும் ஒரே நகரின் குடிமக்கள் என்பது ஸ்டோயிக்குகளின் உறுதியான கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஹியரோக்ளிஸ் இதனை வட்டங்களால் விளக்கினார். நடுப்புள்ளி நம் உள்ளம். முதல் வட்டம் நம் உடல். அடுத்து பெற்றோரும் உடன்பிறந்தோரும். பின்னர் உறவினர், ஊரார், நாட்டார். கடைசி வட்டம் மனித இனம் முழுவதும். வெளிவட்டத்தில் உள்ளோரை ஒவ்வொரு படியாக உள்வட்டத்திற்கு இழுத்துக்கொள்வதே அறமுடையோர் பணி என்றார். உறவினரல்லாதவரையும் உறவுமுறை சொல்லி அழைப்பதை அதற்குரிய பயிற்சியாக அவர் பரிந்துரைத்தார்.

தடைகளும் விடைகளும்

இம்மெய்யியல்மீது பண்டைக்காலம் தொட்டே தடைகள் எழுப்பப்பட்டுள்ளன. குறையற்ற ஞானி ஒருவரையேனும் காட்ட முடியுமா என்று வினவினர். ஞானி மிக அரியவர் என ஸ்டோயிக்குகளே ஒப்பினர்; முன்னேறும் முயற்சியே மாணவர்க்கு உரியது என்றனர்.

அடுத்த தடை வலுவானது. வெளியுலகம் நம் கையில் இல்லை எனக் கற்பிப்பது அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் செய்யாதா? வரலாறு இதற்கு இருவகை விடைகளைத் தருகிறது. திராசியா பீட்டஸ் என்னும் ஸ்டோயிக் அவை உறுப்பினர், நீரோவின் கொடுமைகளுக்கு உடன்பட மறுத்து ஆட்சிமன்றத்திற்குச் செல்வதையே நிறுத்தினார், அதற்காகக் கி.பி. 66இல் மரண தண்டனை பெற்றார். அச்சத்தை வென்றவர் கொடுங்கோலர்க்கு அடங்குவதில்லை என்பதற்கு அவர் சான்று. எனினும், அடிமையும் மனிதரே எனக் கூறிய ஸ்டோயிக்குகள் அடிமைமுறையை ஒழிக்கவேண்டும் எனப் போராடவில்லை என்பதும் உண்மை. மார்கஸ் அரேலியஸ் ஆட்சியிலும் அடிமைமுறை நீடித்தது, கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். உள்ளத்தின் விடுதலையைப் பேசியவர்கள் உடலின் தளையைப் பெரிதாகக் கருதாமற்போனது இச்சிந்தனையின் பெருங்குறையாகும்.

அவர்கள் விட்ட பணியைப் பின்வந்தோர் தொடர்ந்தனர். அடிமைத்தனம் இயற்கைக்கு மாறானது என்னும் கருத்து உரோமானியச் சட்ட அறிஞரின் எழுத்துகளில் இடம்பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், விடுதலைபெற்ற கறுப்பினத்தவரின் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிகின்சன். அடிமை ஒழிப்பிற்காகப் பாடுபட்ட அவரே, 1865ஆம் ஆண்டில் எபிக்டெட்டஸின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

காலம் கடந்த தாக்கம்

கிறித்தவச் சிந்தனையாளர் பலர் ஸ்டோயிக் அறவியலிலிருந்து கருத்துகளை எடுத்துக்கொண்டனர். துறவிகள் எபிக்டெட்டஸின் ‘கையேட்டை’த் தம் வாழ்வுக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்தினர். ஐரோப்பாவில் சமயப்போர்கள் மூண்ட காலத்தில், ஜஸ்டஸ் லிப்சியஸ் என்னும் அறிஞர் 1584இல் உள்ளத்துறுதியைப் பற்றி எழுதிய நூல் இச்சிந்தனைக்குப் புத்துயிரூட்டியது. சீனாவில் பணியாற்றிய மத்தேயோ ரிச்சி, ‘கையேட்டின்’ பகுதிகளைச் சீன மொழியில் தழுவி எழுதினார். பெண்கள் உயர்கல்வி பெற இயலாத காலத்தில், கிரேக்கம் கற்ற எலிசபெத் கார்ட்டர், 1758இல் எபிக்டெட்டஸை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சிந்தனை உளவியலுக்கு அடித்தளம் தந்தது. 1950களில் ஆல்பர்ட் எல்லிஸும் 1960களில் ஆரன் பெக்கும் உருவாக்கிய உளச்சிகிச்சை முறைகள், துன்பத்தைத் தரும் பிழையான எண்ணங்களை இனங்கண்டு ஆராயுமாறு நோயாளர்க்குக் கற்பிக்கின்றன. இதற்கு ஸ்டோயிக்குகளே முன்னோடிகள் என அவ்விருவரும் குறிப்பிட்டுள்ளனர். மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் உலகெங்கும் இன்று அளிக்கப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இவ்வழியில் வளர்ந்ததே.

அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், 1965இல் வியட்நாமில் விமானம் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். ஏழாண்டுகளுக்கு மேல் சிறையில் சித்திரவதைக்கு உள்ளானார். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஒருவர் தந்த எபிக்டெட்டஸின் சிறுநூலே தம்மைத் தாங்கியது எனப் பின்னாளில் எழுதினார். காலில் அடிபட்டு நடக்கத் தடுமாறிய அவருக்கு, கால் ஊனமுற்ற அப்பண்டை ஆசிரியரின் சொற்கள் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்குப் பின்னரும் பயன்பட்டன.

நிறைவாக

ஜீனோ உலவிய ஓவிய மண்டபம் இன்று இல்லை. அதன் ஓவியங்களும் அழிந்தன. கிரிசிப்பஸின் சுவடிகளும் மறைந்தன. எஞ்சியவை ஒரு மாணவர் எடுத்த குறிப்புகள், ஒரு நண்பருக்கு எழுதிய கடிதங்கள், ஓர் அரசர் தமக்காக எழுதிக்கொண்ட வரிகள் ஆகியன. அவை கற்பிக்கும் பயிற்சிகள் எளியவை. கையில் உள்ளது எது என ஆராய்தல், முதல் அதிர்வுக்கு உடனே இணங்காமை, இரவில் நாளைத் திரும்பிப் பார்த்தல், அயலாரை உறவாக எண்ணுதல் ஆகியவற்றை எவரும் இன்றே தொடங்கலாம். அவற்றோடு, அவர்கள் செய்யத் தவறியதையும் நாம் நினைவிற்கொள்ளவேண்டும். நம் உள்ளத்தை உறுதிப்படுத்திக்கொள்வது, பிறர் துன்பத்தைக் களையும் ஆற்றலைப் பெறுவதற்காகவும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

‘ஸ்டோவா’ – தூண் வரிசையுடன் ஒருபுறம் திறந்த நடைமண்டபம்.
‘லோகோஸ்’ – சொல், காரணம், பேரறிவு எனப் பல பொருள் தரும் கிரேக்கச் சொல்.
நடுநிலைப் பொருள்கள் – தன்னளவில் நன்மையோ தீமையோ ஆகாத செல்வம், நலம், புகழ் முதலியன.
ஒப்புதல் – உள்ளத்தில் தோன்றும் எண்ணத்தை உண்மையென ஏற்கும் அறிவின் செயல்.

கற்பவை கற்றபின்

1. அண்மையில் உங்களைக் கலங்கச் செய்த நிகழ்ச்சி ஒன்றில், உங்கள் கையில் இருந்தவை, இல்லாதவை எனப் பட்டியலிடுக.
2. ஹியரோக்ளிஸின் வட்டங்களை உங்கள் வாழ்வுக்கு ஏற்ப வரைந்து, வெளிவட்டத்தினர் ஒருவரை உள்வட்டத்திற்குக் கொண்டுவர நீங்கள் செய்யக்கூடிய செயலை எழுதுக.
3. “உள்ள உறுதி அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும்” – “உள்ள உறுதி அநீதியை எதிர்க்கச் செய்யும்”: இரு கூற்றுகளையும் முன்வைத்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
4. ஒரு வாரக்காலம் ஒவ்வோர் இரவும் செனிகாவின் பயிற்சியைப் பின்பற்றி, உங்களிடம் நிகழ்ந்த மாற்றத்தைக் குறிப்பேட்டில் பதிவுசெய்க.